ஞாயிறு காலை டெஸ்ட் கால்

போன மாதம் ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்தில், டெலிபோன் இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேடம், நீங்க கையால லைன் கொடுத்தவங்களாமே! நாள் பூரா நம்பர் ப்ளீஸ், நம்பர் ப்ளீஸ்னு சொல்லி போர் அடிக்கலையா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பம். கட்டிக்கொண்டவரும் அதே குப்பம்தான். பெயர் ஏகாம்பரம். கடலுக்குப் போகிறவர். குப்பத்துப் பெண்களில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் அப்போது நான் ஒருத்திதான். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு எழுபதுகளின் தொடக்கத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு எழுதிப் போட்டேன், கிடைத்தது. மெட்ராசில் மூன்று மாதம் பயிற்சி. அங்கே என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் புஷ்பா. பயிற்சி முடிந்து அவள் மெட்ராஸ் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சுக்குப் போனாள். நான் பழவேற்காட்டுக்கு வந்தேன்.

எங்கள் எக்ஸ்சேஞ்ச் என்பது ஓட்டுக் கட்டடத்தில் ஒரே ஒரு அறை. மர பீரோ மாதிரி ஒரு போர்டு. ஊரில் இருந்த ஐம்பது டெலிபோனுக்கும் அதில் ஆளுக்கொரு சின்னக் கதவு உண்டு. ஐஸ் கம்பெனிக்காரர் தன் வீட்டு போனில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவருடைய கதவு டக்கென்று விழும், பஸ்ஸர் கத்தும். நான் வயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். அவர் "நம்பர் இன்னாமா நம்பரு, நம்ம ஆஸ்பத்திரிக்குக் குடு" என்பார். இரண்டாவது வயரை ஆஸ்பத்திரியின் துளையில் செருகி இங்கிருந்து கைப்பிடியைச் சுற்றினால் அங்கே மணி அடிக்கும். வெளியூருக்கு ஒரே ஒரு ட்ரங்க் லைன். பொன்னேரி வழியாக மெட்ராசுக்குப் போகும். இறால் வியாபாரிகள் எல்லோரும் அந்த ஒற்றை லைனுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள்.

வேலையில் சேர்ந்த மறு வருடம் வசந்தி பிறந்தாள். அவருக்கு விடியும் முன்னே கட்டுமரம். மாமியார் மீன் கூடையோடு மீஞ்சூர் போய்விடுவார். குழந்தையை யாரிடம் விடுவது? இடுப்பில் தூக்கிக்கொண்டு படகேறி எக்ஸ்சேஞ்சுக்கு வருவேன். போர்டுக்குக் கீழே பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டு அவளைப் படுக்க வைப்பேன். தலைக்கு மேல் ஐம்பது கதவும் விழுந்துகொண்டிருக்கும், பஸ்ஸர் அலறிக்கொண்டிருக்கும். அவள் பாட்டுக்குத் தூங்குவாள். வருகிறவர்கள் எல்லோரும், "தங்கமான கொழந்தமா, இவ்ளோ சத்தத்துலயும் எப்டித் தூங்குது பாரேன்" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மாதம் ஒரு முறை பொன்னேரியிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார். அப்துல் கரீம் சார். எந்தத் தேதியில் வருவார் என்று சொல்லமாட்டார். முதல் பஸ்ஸில் இறங்குவார். செருப்பை வெளியே விடுவார். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் ஒரு சின்ன திருப்புளி, பிளக்கைத் துடைக்க ஒரு துண்டுத் துணி. "உட்காருங்க சார்" என்றால், "அது ஆபரேட்டர் நாற்காலி" என்பார். நின்றுகொண்டேதான் ஐம்பது லைனையும் பார்ப்பார். ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாக ஒவ்வொரு கதவையும் விழவைத்து, பஸ்ஸர் அடிக்கிறதா என்று கேட்டு, நோட்டில் ஒரு டிக் போடுவார். ஒரு லைனைக்கூட விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய் நான் பார்த்ததே இல்லை. அதட்டியும் கேட்டதில்லை. அவர் குரல் தாழ்ந்தால்தான் ஏதோ தப்பு என்று எங்களுக்குத் தெரியும்.

அவர் வரும் நாளில் வசந்தி இருக்கமாட்டாள். அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே யாராவது ஓடி வந்து சொல்வார்கள், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுவேன். அவளுக்கு இரண்டு வயது நெருங்கும்போது ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். அவர் உள்ளே நுழையும்போது வசந்தி போர்டுக்கு அடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கிளிஞ்சல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்விட்ச் ரூமில் வெளி ஆள் இருக்கக்கூடாது என்பது முதல் விதி. அவர் பார்த்தார். நோட்டைத் திறந்து ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தார்.

பத்து லைன் போயிருக்கும். கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் குழந்தையைப் பார்க்கிறார் என்று கவனித்தேன். பதினொன்று. கதவு விழுந்தது, பஸ்ஸர் அடித்தது. வசந்தியிடம் அசைவில்லை. பன்னிரண்டு. பிறகு அவர் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தார். வரிசையை விட்டுவிட்டுச் சுவரருகே போனார். ராத்திரி ட்யூட்டிக்காரர்களை எழுப்ப அங்கே ஒரு பெரிய மணி உண்டு. அதன் ஸ்விட்சைப் போட்டார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வசந்தி ஒரு கிளிஞ்சலை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தாள்.

மணியை நிறுத்தினார். பிறகு காலால் பலகைத் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். வசந்தி சட்டென்று திரும்பினாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"கன்னியம்மா," என்றார். குரல் ரொம்பவும் தாழ்ந்திருந்தது. "குழந்தை சத்தத்துக்குத் திரும்பலம்மா. தரை அதிர்ந்தாத் திரும்புது. மெமோவ நான் அப்புறம் எழுதறேன். நீ நாளைக்கு லீவு போட்டு மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போ."

நாள் பூரா காதால் பிழைக்கிறவள் நான். ஐம்பது பேரின் குரலையும் பேர் கேட்காமலே சொல்லுவேன். என் காலடியில் கிடந்த பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது என்றார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடலோரம் போனார். கொஞ்சம் விட்டு நானும் போனேன். அலைக்கு எதிரே அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "இவ்ளோ பெரிய அல சத்தங்கூடவா கேக்காது?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, கடலைக் கேட்டாரா தெரியாது.

கரீம் சார் சொன்னபடி மெமோ எழுதினார். 'குழந்தையை ஸ்விட்ச் ரூமில் வைக்கக் கூடாது.' அதே கையோடு லைன்மேனைக் கூப்பிட்டு, பக்கத்து ஸ்டோர் ரூமைக் காலி செய்து, நடுச் சுவரில் நான் உட்கார்ந்தபடியே பார்க்கிற உயரத்துக்கு ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னார். விதியை ஒரு எழுத்து மீறமாட்டார். அதற்குள்ளேயே மனிதர் நடக்க ஒரு வழி இருக்கிறதா என்று தேடுவார். பின்னால் நான் வேலை பார்த்த எந்த அதிகாரியிடமும் இதை நான் பார்க்கவில்லை.

வசந்திக்கு மூன்று வயதில் ஒரு கருவி வாங்கினோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா, சட்டைப் பையில் வைக்கணும். அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். பெரிய சத்தங்கள் மட்டும் ஏதோ இரைச்சலாக அவளுக்கு எட்டும். பேச்சு பிடிபடாது. எங்கள் ஊர் உப்புக் காற்றில் அந்த வயர் மாதம் ஒரு முறை அறுந்துபோகும். மெட்ராசுக்குப் போனால் ஒரு நாள் போய்விடும். லைன்மேனிடம் ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு நானே செய்ய ஆரம்பித்தேன். எண்பதுகளில் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்து போர்டை எடுத்தபோது நான் டெக்னீஷியன் பரீட்சை எழுதினேனே, அதற்குத் தைரியம் வந்தது இந்த வயரால்தான். ஓய்வு பெறும்வரை திருப்புளியும் மீட்டருமாகத்தான் வேலை செய்தேன்.

ஆறு வயதில் அவளை மெட்ராசில் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் சேர்த்தோம். விடுதியில்தான் இருக்கணும். கொண்டுபோய் விடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எனக்கு ஒரே கவலை. மற்ற பிள்ளைகளுக்குக் கடுதாசி போடலாம், இவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. ஊரில் யார் யாருக்கோ அவரவர் பிள்ளையோடு லைன் போட்டுக் கொடுக்கிறேன், என் பிள்ளையோடு எனக்கு லைன் இல்லை.

அப்போதுதான் அந்த மிதி நினைவுக்கு வந்தது. சத்தம் கேட்காதவளுக்கு அதிர்வு தெரிகிறதே! எக்ஸ்சேஞ்ச் வாசலில் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. அவள் உள்ளங்கையை அதன் மேல் வைத்துவிட்டு உள்ளே போய் மணி அடித்தேன். வாசல் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் கண் இரண்டும் விரிந்திருக்கிறது. ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்து, இன்னொரு முறை அடி என்று காட்டினாள். ஒரு மாதம் பழக்கினேன். மூன்று தடவை அடித்தால் அம்மா, நைனா எல்லாரும் நன்றாக இருக்கிறோம். ஐந்து தடவை அடித்தால் வருகிற சனிக்கிழமை பார்க்க வருகிறோம். ஐந்துக்கு ஒரு பஸ் படம் போட்டுக் காட்டினேன். அவளும் ஒரு பஸ் போட்டு, ஜன்னலில் இரண்டு தலையும் போட்டாள்.

விடுதி வார்டன் அம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ் போன் அடித்தால் எடுக்காதீர்கள், வசந்தியைக் கூப்பிட்டுத் தொடச் சொல்லுங்கள் என்றேன். ஒரு மாதிரிதான் பார்த்தார், ஆனால் சரி என்றார். மெட்ராஸ் ட்ரங்கில் புஷ்பா ஞாயிறு காலை ட்யூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் ட்ரங்க் லைனில் அவளைக் கூப்பிடுவேன், அவள் பள்ளிக்கூட நம்பரைச் சுற்றுவாள். மணி போகிற சத்தம் எனக்குக் கேட்கும். ஒன்று, இரண்டு, மூன்று. "போதும் புஷ்பா." வெட்டிவிடுவாள். ஒவ்வொரு ட்ரங்க் காலுக்கும் ஒரு டிக்கெட் எழுதணும்; அதில் யாரும் எடுக்கவில்லை என்று எழுதிவிடுவேன், காசு ஆகாது.

முதல் வாரம் வார்டன் அம்மா ஒரு கார்டு போட்டிருந்தார். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஞாயிறு போனைத் தொட்டுவிட்டு, மூன்று விரலை எல்லோரிடமும் காட்டிவிட்டு, போய்த் தட்டெடுத்து உட்கார்ந்தாளாம்.

எட்டு ஞாயிறு போனது. ஒன்பதாவது வாரம் கரீம் சார் வந்தார். அன்றைக்கு நோட்டைத் திறக்கவில்லை. இரண்டு மாத டிக்கெட் கட்டுகளைக் கேட்டார். எட்டு டிக்கெட்டை உருவி மேஜையில் வரிசையாக வைத்தார்.

"இந்த நம்பர்ல எட்டு வாரமா யாரும் போன எடுக்கலையா?"

நான் டிக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு இறால் வியாபாரி மனு கொடுத்திருக்கார். ஞாயிறு பத்து மணிக்கு ட்ரங்க் கேட்டா ஆபரேட்டர் சொந்த வேலைக்கு வச்சிருக்காங்கனு. அவர் சொல்றது பொய்யா?"

"இல்ல சார். நெசம்தான்." எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தடவை மணி, ஐந்து தடவை மணி, பஸ் படம், தட்டு எடுத்து உட்கார்ந்தது எல்லாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "எனக்கு வருத்தம் எதுல தெரியுமா? லைன எடுத்தது கூட அப்புறம். டிக்கெட்ல பொய் எழுதியிருக்கே. டிக்கெட் பொய் சொன்னா அப்புறம் இந்த ஆபீஸ்ல எதை நம்பறது?"

"வேல போயிடுமா சார்?" வேலை போனால் பள்ளிக்கூடமும் போகும். அவருக்கும் அது தெரியும்.

"நடந்தத நடந்தபடி எழுதிக் கொடு," என்றார். எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அந்த வார ஞாயிறு நான் மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அவள் பத்து மணிக்கு வந்து போனைத் தொட்டுக்கொண்டு நின்றிருப்பாளே என்று நினைக்க நினைக்க, இங்கே யார் நம்பர் கேட்டாலும் எனக்குத் தப்புத் தப்பாகவே கை போனது. வீட்டில் அவர், "வுடு, சனிக்கெழம நேர்லயே போய் வந்துடலாம்" என்றார். போனோம். வசந்தி என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. என் கையை எடுத்து மேஜை மேல் இருந்த போனில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

மூன்றாவது வாரம் கரீம் சார் இரண்டு காகிதத்தோடு வந்தார். முதலாவது எனக்கு எச்சரிக்கை மெமோ. பொய்யான டிக்கெட் எழுதியதற்கு. என் சர்வீஸ் புத்தகத்தில் கடைசிவரை அது இருந்தது, இருக்கட்டும். கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது காகிதத்தைத் தானே படித்தார். தினமும் காலையில் ட்ரங்க் லைனைச் சோதிக்கணும் என்பது பழைய விதி. எதிர்முனையில் ஒரு சந்தாதாரருக்கு மணி அடித்துப் பார்க்கலாம், அவர் சம்மதம் எழுத்தில் இருந்தால். பள்ளிக்கூடத்துக்கு அவரே போய் வார்டன் அம்மாவிடம் சம்மதம் எழுதி வாங்கி வந்திருந்தார்.

"ஞாயிறு காலை ஏழு மணிக்கு டெஸ்ட். வியாபாரிங்க யாரும் அந்நேரம் கேக்க மாட்டாங்க. எத்தனை தடவை மணி அடிக்கணும்னு விதியில போடல. அது ஆபரேட்டர் இஷ்டம்," என்றார். திருப்புளியை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் லைனுக்குப் போய்விட்டார்.

அப்படி இரண்டு வருடம் ஞாயிறுதோறும் ஏழு மணிக்கு அடித்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் வசந்தி வாயைத் திறந்து ஏதேதோ சொல்லிப் பார்ப்பாள். பள்ளியில் கண்ணாடி முன் உட்காரவைத்து, டீச்சரின் தொண்டையில் கை வைக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் பேசப் பழக்கினார்கள். "அம்மா" வந்தது. "நைனா" வந்த அன்றைக்கு அவர் வலையைப் போட்டுவிட்டு குப்பம் முழுக்க வீடு வீடாக அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லச் சொன்னார்.

அவளுக்கு எட்டு வயது நடந்தபோது ஒரு ஞாயிறு. மழைக்குப் பின் லைனில் இரைச்சல் என்று கரீம் சார் முந்தின நாளே ஊரில் தங்கி, காலையில் எக்ஸ்சேஞ்சில் நின்றிருந்தார். ஏழு மணிக்கு புஷ்பாவைக் கூப்பிட்டேன். மணி போனது. ஒன்று. இரண்டு. மூன்றாவது மணி பாதியில் நின்றது. யாரோ போனை எடுத்துவிட்டார்கள். வார்டன் அம்மா மறந்துவிட்டாரோ என்று, "மேடம், இது டெஸ்ட் கால்" என்றேன்.

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல். ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிற குரல்.

"அம்மா. நான் வசந்தி. நீ பேசாத. எனக்குக் கேக்காது. நீ கேளு."

நான் கேட்டேன்.

"எனக்கு ஒரு பல்லு வுழுந்துச்சி. ரத்தம் வந்துச்சி. நான் அழல. நேத்து இட்லி. நான் நாலு தின்னேன். கணக்குல நான் ஃபர்ஸ்ட்டு. நைனாகிட்ட சொல்லு. எனக்குப் பச்சக் கலர் பென்சில் வேணும். அவ்ளோதான். நான் வச்சிடறேன்."

வைத்துவிட்டாள். லைனில் புஷ்பா அழுவது எனக்குக் கேட்டது. நான் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. கரீம் சார் பக்கத்தில் வந்தார். ஆபரேட்டர் பேசுவதைக் கேட்கக்கூடாது என்று தள்ளி நிற்பவர் அவர்.

"இன்னாம்மா, லைன் எப்படி இருக்கு?"

"பேசிட்டா சார். எங்கிட்ட பேசிட்டா. நான் கேட்டேன்னு அவளுக்கு எப்டிச் சொல்றது?"

கொஞ்சம் யோசித்தார். "ஒரு தடவைல டெஸ்ட் முடிஞ்சதுனு எடுத்துக்க முடியாது. இன்னொரு தடவை அடிச்சுப் பாத்துடு."

புஷ்பா மறுபடியும் சுற்றினாள். இந்த முறை நான் எண்ணவில்லை. போதும் என்று சொல்ல மனம் வராமல் அடிக்கவிட்டுக்கொண்டே இருந்தேன். புஷ்பாவும் வெட்டவில்லை. கரீம் சார் போர்டுக்கு முதுகைக் காட்டி ஜன்னலில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்யூட்டி முடிந்து படகில் ஏறினேன். கரையில் அவர் வலை சரிசெய்துகொண்டிருந்தார். இறங்கும்போதே அழுகையும் சிரிப்புமாகச் சொன்னேன். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல், அவள் சொன்ன மாதிரியே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "இன்னொரு வாட்டி சொல்லுமே," என்றார். சொன்னேன்.

"எந்தப் பல்லு?" என்றார்.

"இன்னாது?"

"எந்தப் பல்லு வுழுந்துச்சி? மேலயா, கீழயா?"

"அத சொல்லல. நான் கேக்கவா முடியும்?"

அவர் வலையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு எழுந்து மணலைத் தட்டினார். மறுநாள் எனக்கு லீவு, அவர் கடலுக்குப் போகவில்லை. கடையில் பச்சைப் பென்சில் ஒன்று வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போனோம். விடுதி வாசலில் எங்களைப் பார்த்ததும் வசந்தி ஓடி வந்து, யாரும் கேட்காமலே தலையை அண்ணாந்து வாயை 'ஆ'வென்று திறந்தாள். அவர் குனிந்து, ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி உள்ளே பார்த்தார்.

மேல் வரிசை. முன்பல்லுக்கு இடது பக்கத்துப் பல்லு.